திருகோணமலையில் நான்கு நாள் சூழல் தொண்டு: ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் இந்த வருடம் கல்லூரி முடித்த நான்கு தோழிகள் ஆகஸ்டில் இரண்டு வாரம் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அதில் நான்கு நாளைத் திருகோணமலையில் சூழல் வேலைக்கு ஒதுக்க விருப்பம். ஆமைக்குஞ்சைக் கடலில் விடுவது, கண்டல் (அலையாத்தி மரம்) நடுவது, பவளப்பாறையில் ஏதாவது செய்வது என்று மூன்று ஆசைகள். இணையத்தில் பார்த்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆளுக்குப் பல நூறு டாலர் கேட்கிறது. அது தேவையா, ஊரில் உள்ளவர்களோடு நேரே கதைத்து ஏற்பாடு செய்ய முடியாதா, விசாவில் சிக்கல் வருமா?

நேரே ஏற்பாடு செய்யலாம். அந்தக் கட்டணம் தேவையில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் இருந்து ஆமையை எடுத்துவிடுவேன், மற்ற இரண்டையும் மாற்றிவிடுவேன். நான்கு நாளில் வந்து போகிறவர்களிடம் இருந்து ஊருக்குக் கிடைக்கக்கூடியது கை உதவிதான். வருடம் முழுக்க யாரோ செய்துகொண்டிருக்கும் வேலையில் போய்ச் சேர்ந்தால் அந்தக் கைக்கு மதிப்பு உண்டு. உங்களுக்காகவே புதிதாக உண்டாக்கின வேலை என்றால், நீங்கள் பஸ் ஏறின மறுநாளே அது கைவிடப்படும்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். இதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இந்தியா தன் இ-சுற்றுலா விசாவில் வருகிறவர்களைச் சம்பளமில்லாத குறுகிய தொண்டுக்கு ஒரு மாதம் வரை விடுகிறது. பிரித்தானியாவுக்கு வருகை விசாவில் போகிறவர், அங்கே பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். தாய்லாந்து நேர் எதிர். சம்பளம் வாங்காமல் செய்தாலும் அங்கே அது வேலைதான், அதற்கென்று விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். இலங்கையின் சுற்றுலா விசா நிபந்தனையில் சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஊராரோடு சேர்ந்து கடற்கரையில் குப்பை பொறுக்குவதை இங்கே யாரும் தொழில் என்று பார்த்து நான் அறியேன். ஒரு நிறுவனத்தில் வாரக்கணக்காகத் தங்கி, அதன் பெயரில் களவேலை செய்து, அதற்கு ஈடாகச் சாப்பாடும் தங்குமிடமும் பெறுவது வேறு கதை. வேர்க்அவே போன்ற தளங்களில் வரும் பல அழைப்புகள் இந்த இரண்டாம் வகைதான். அப்படியானால் எந்த வகை விசாவில் வரவேண்டும் என்பதை அந்த நிறுவனமே எழுத்தில் சொல்லவேண்டும், விண்ணப்பத்துக்கும் அவர்களே பொறுப்பெடுக்கவேண்டும். "விமான நிலையத்தில் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதுகிறவர்களுக்கு மறுபதில் போடவே வேண்டாம்.

இனி ஆமை. இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஐந்துமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சுற்றுலாப் படங்களில் நீங்கள் பார்க்கும் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை தென்மேற்குக் கரையில், கொஸ்கொட, பெந்தோட்டப் பக்கம் இருக்கின்றன. அவற்றில் நடப்பதை விளங்கிக்கொண்டால் ஆசை தானாகக் குறையும். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் அளவுக்கு ஒரு வெறி இருக்கும். வயிற்றில் மிஞ்சியுள்ள மஞ்சள் கருவின் பலத்தில் ஓயாமல் நீந்தி, கரையோரத்து மீன்களுக்கும் பறவைகளுக்கும் தப்பி ஆழ்கடலுக்குப் போய்விடும். அதைப் பிடித்து இரண்டு மூன்று நாள் சீமெந்துத் தொட்டியில் வைத்தால் அந்தப் பலம் தொட்டிக்குள்ளேயே கரைந்துபோகிறது. பிறகு பட்டப்பகலில் உங்கள் உள்ளங்கையில் வைத்து, படம் எடுத்து, கடலில் விடச் சொல்வார்கள். களைத்துப்போன குஞ்சு, வெளிச்சம் வேறு, மீனுக்கும் பறவைக்கும் எளிதில் இரையாகிவிடும். முட்டையை இடம் மாற்றிப் புதைப்பதிலும் கவனம் வேண்டும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண்தான் அதிகம்.

முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காக்கும் முறைதான் நல்லது. தெற்கே தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்காவ கடற்கரையில் கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு 1990களில் அதைத் தொடங்கியது. முன்பு முட்டை தோண்டி விற்றவர்களையே சம்பளம் கொடுத்துக் கூட்டுக் காவலர்களாக வைத்ததுதான் அதில் கெட்டித்தனம். ஆமையில் அவ்வளவு ஆசை இருந்தால் பயணத்தின் தென்பகுதியில் ஓர் இரவு அங்கே போய், சத்தமில்லாமல், டோர்ச் அடிக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். திருகோணமலையில் யாராவது "ஆமைக்குஞ்சு விடலாம், வாருங்கள்" என்று கூப்பிட்டால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கண்டல் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். இதில்தான் வெளியூர்க்காரரின் நல்லெண்ணம் அதிகம் வீணாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் காடு இருந்த இடங்களில் அழிவு குறைவு என்ற பேச்சு பரவி, நாடு முழுக்கக் கண்டல் நட ஓடினார்கள். 2017 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. முயற்சி நடந்த பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அதில் பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் பெரிய மர்மம் இல்லை. நம் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. கண்டல் பிடிக்கக்கூடிய பட்டை அதனால் மிக ஒடுங்கியது. அதற்குக் கீழே நட்டால் எந்நேரமும் தண்ணீருக்குள் கிடந்து அழுகும், மேலே நட்டால் உப்புப் பூத்துக் காயும். அதை அளந்து பார்க்காமல், படகில் போய் இறங்க வசதியான சேற்றுத் திட்டில், எளிதாகக் கிடைக்கும் நீண்ட பச்சைக் கண்டல் காயை மட்டும் வரிசையாகக் குத்திவிட்டு வந்தார்கள். கண்ணா வரவேண்டிய இடத்திலும் அதே காய், தில்லை வரவேண்டிய இடத்திலும் அதே காய், அவை இரண்டும் அலையாத்தியில் வேறு வகை மரங்கள். பிறகு மாடு மிதித்தது, பாசி மூடியது, பார்க்க ஆள் இல்லை. நடுகைப் படம் மட்டும் வடிவாக வந்தது.

கொட்டியாரக் குடாவைச் சுற்றி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் கண்டல் இன்னும் இருக்கிறது. அங்கே உங்களுக்கு வேலையும் இருக்கிறது, நடுவது மட்டும் அல்ல. நாற்றுமேடை வைத்திருக்கும் சங்கமாக இருந்தால் பைக்கு மண் நிரப்புவது, நிழல் வலை கட்டுவது, பழைய நடுகையில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எண்ணி எழுதுவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. படத்துக்கு அழகில்லாத வேலை என்பதால் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். இன்னொன்று, மூச்சுவேர்களில் சிக்கின குப்பையை எடுப்பது. கண்ணா மரத்தடியில் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கும் அந்த வேர்களில் சொப்பிங் பை ஒன்று போர்த்திக்கொண்டால் அந்த இடத்தில் மரம் மூச்செடுக்க முடியாது. இழுத்தால் வேரும் சேர்ந்து முறியும். ஒவ்வொரு வேராகப் பையை விலக்கி, சின்னக் கத்தியால் வெட்டி எடுக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு சாக்குகூட நிரம்பாது, இடுப்பு விட்டுப்போகும். நான்கு இளம் பிள்ளைகள் ஒரு காலை முழுக்க இதைச் செய்தால் அது உண்மையான உதவி.

பவளப்பாறைக்கு வருவோம். நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு. 1963 இல் சரணாலயமாக்கி 2003 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம் என்பதால், அதற்குள் கல்லை நகர்த்துவதானாலும் மாதிரி எடுப்பதானாலும் அவர்களின் அனுமதி வேண்டும். முள்முடி நட்சத்திரமீன் பவளத்தைத் தின்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பிடிக்கப் போகவேண்டாம். முள்ளில் நஞ்சு உண்டு. அதோடு, அதுவும் இந்தக் கடலுக்கே உரிய உயிர்தான், பெருகும்போது மட்டும்தான் தொல்லை. எப்போது, எவ்வளவு அகற்றுவது என்பது திணைக்களமும் ஆய்வாளர்களும் முடிவு செய்யும் விஷயம்.

நீருக்குள் வேலை செய்யவேண்டும் என்றால் ஸ்கூபா சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உள்ளவர்களுக்கு "டைவ் அகெய்ன்ஸ்ட் டெப்ரி" என்ற உலகளாவிய திட்டம் இருக்கிறது. கடலடிக் குப்பையை எடுத்து, எடை பார்த்து, வகை எழுதிப் பதிவேற்றுவது அதன் வேலை. உப்புவெளி, நிலாவெளி டைவிங் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். உங்களில் யாருக்கும் சான்றிதழ் இல்லை என்றால் புறாத்தீவுக்குச் சாதாரணப் பயணியாகவே போங்கள். தண்ணீர் வற்றின நேரத்தில் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் கூட்டத்தைக் காண்பீர்கள். நீந்தத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தால் காலூன்ற வேண்டி வராது. அந்தத் தீவுக்கு நான்கு பேர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். முழுக்கை உடுப்போடு இறங்கினால் பவளத்துக்கு ஆகாத சன்கிரீமும் அதிகம் தேவைப்படாது.

ஆக, உங்கள் நான்கு நாளுக்கும் முதுகெலும்பு கடற்கரைச் சிரமதானம்தான், அதாவது ஊரார் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. சனி, ஞாயிறு காலைகளில்தான் அநேகமாக நடக்கும். பாடசாலை, இளைஞர் கழகம், கோயில், பள்ளிவாசல், கெஸ்ட் ஹவுஸ்காரர் என்று யாராவது கூடுவார்கள். அதனால் உங்கள் நான்கு நாளுக்குள் ஒரு வார இறுதி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தைச் செப்டெம்பருக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. செப்டெம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் துப்புரவு நாள். 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியது, இன்று இலங்கையும் சேர்ந்துகொள்கிறது. கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை அந்த வாரம் சுறுசுறுப்பாக இருக்கும்.

சிரமதானத்துக்குக் கூப்பிட்டவரிடம் முதலில் கேட்கவேண்டியது, சேர்த்த குப்பை எங்கே போகும் என்பதுதான். டச்சுக் குடாப் பக்கம் ஒரு குழு காலை முழுக்க வேலை செய்து, கறுப்புப் பைகளைக் கட்டி, மூலையில் அடுக்கி, பனரைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். குப்பை ஏற்றும் ட்ரக்டருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோட்டையில் இருக்கும் புள்ளிமான்கள் தெருவுக்கும் கடற்கரைக்கும் இறங்கித் திரியும், வெளியூர்க்காரருக்கு அது அழகான காட்சி. மறுநாள் விடியும்போது பார்த்தால் இரண்டு மான் பைக்குள் தலையை விட்டு நிற்கிறது. ஒன்றின் வாயில் சோற்றுப் பார்சல் சுற்றின பொலித்தீன், பாதி உள்ளே பாதி வெளியே. காகமும் நாயும் மிச்சத்தை இழுத்து, முதல்நாள் மணலில் பரவிக் கிடந்த குப்பை இப்போது வீதியில் பரவிக் கிடந்தது. கூட்டாமலே விட்டிருக்கலாம். உணவு சுற்றும் பொலித்தீன் தாளை 2017 இலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் குப்பையில் இன்னும் வருகிறது.

ஆகவே குப்பை அள்ளும் பொறுப்புள்ள அந்தப் பகுதிப் பிரதேச சபையோடு முன்கூட்டியே கதைத்து, ட்ரக்டர் வரும் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் வேலையை முடிக்கவேண்டும். நிலாவெளி குச்சவெளி பிரதேச சபைக்குள் வரும். பௌர்ணமி நாள் போயா விடுமுறை, அன்று அலுவலகமும் இல்லை, ட்ரக்டரும் சந்தேகம். வேலை காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியட்டும். ஆகஸ்டில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும். கடல் குளம்போல அமைதியாக இருக்கும், ஆனால் பத்து மணிக்குப் பிறகு மணலில் நிற்க ஏலாது.

என்ன பொறுக்குவது என்பதிலும் பழக்கம் வேண்டும். தண்ணீர்ப் போத்தல், யோகட் கப், வெற்றிலைப் பாக்குப் பைக்கற், ஒற்றைச் செருப்பு, உதிர்ந்துபோன றெஜிபோம் (உங்கள் ஊர்த் தெர்மோகோல்). இந்த றெஜிபோம் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைவிட மணலோடு அள்ளி அரிதட்டில் சலிப்பது சுகம். தொடவேண்டாதவையும் உண்டு. வாடிக்கு (மீனவர் குடிசைக்கு) பக்கத்தில் குவிந்து கிடக்கும் வலை குப்பை இல்லை. வெயிலில் காய்கிறது, அல்லது பொத்தக் காத்திருக்கிறது. கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியின் கயிற்றையும் மிதப்புக் கட்டையையும் உற்சாகத்தில் பைக்குள் போட்டுவிட்டு ஏச்சு வாங்கினவர்கள் உண்டு. பிய்ந்து மணலில் புதைந்த வலைத்துண்டு வேறு, அதை எடுக்கலாம். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஊதாப் பூ பூத்துப் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் "சுத்தம்" செய்யாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஊசி, உடைந்த கண்ணாடி கண்டால் கையால் எடுக்காமல் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

முடிந்த பிறகு கொட்டிப் பிரித்து எண்ணுங்கள். போத்தல் எத்தனை, எந்தக் கம்பனி, எந்த நாட்டு லேபிள். வாடைக்காற்றுக் காலம் கழிந்து வந்தால் தமிழ்நாட்டு, ஆந்திர லேபிள்களும் கண்ணில் படும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் சிரமதானம் வெறும் கூட்டுதல். கணக்கு இருந்தால் பிரதேச சபைக் கூட்டத்தில் யாராவது அதைத் தூக்கிக் காட்டலாம். நல்ல உதாரணம் கொழும்புப் பக்கம் இருக்கிறது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டுண்டபோது, பேர்ள் புரொடெக்டர்ஸ் போன்ற இளைஞர் தொண்டர் அமைப்புகள் மேற்குக் கரையில் மாதக்கணக்கில் மணலைச் சலித்தன. கொழும்பில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அவர்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

யாரிடமும் அனுமதி கேட்காமல் நீங்களே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பார்த்ததைப் படம் எடுத்துப் பதிவேற்றுவது. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் எந்த உயிரையும் போடலாம். ஈபேர்ட் பறவைகளுக்கு. ஹாப்பிவேல் திமிங்கிலங்களுக்கு, வால் துடுப்பின் அடிப்பக்கப் படத்தைக் கொண்டு அது எந்தத் திமிங்கிலம் என்று அடையாளம் காணும் தளம். திருகோணமலைக்கு நேரே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே வருவதால் நீலத் திமிங்கிலம் இங்கே படகிலேயே பார்க்கக் கிடைக்கும். நல்ல பருவம் மார்ச், ஏப்ரல். ஆகஸ்டில் வருகிறவர்கள் அதற்காகக் காசு கட்டுமுன் படகுக்காரரிடம் உண்மையைக் கேளுங்கள். பறவைக்கு விடியற்காலை தம்பலகாமம் வயல்வெளிப் பக்கம் போகலாம். ஒரே எச்சரிக்கை: டிரோன் கொண்டுவந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், அதோடு இது கடற்படைத் துறைமுக ஊர். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

யானைக்கும் ஆசைப்பட்டால், இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் வஸ்கமுவப் பக்கம் மனித யானை மோதல் பற்றிய களவேலைக்குத் தொண்டர்களைக் கட்டணத்தோடு எடுக்கிறது. அது வாரக்கணக்கில் தங்கவேண்டிய வேலை, உங்கள் நான்கு நாளுக்குள் அடங்காது. யானை சவாரி, யானையைக் குளிப்பாட்டுவது என்று "தொண்டு" விற்கிறவர்களை விடுங்கள். ஆகஸ்டில் மின்னேரியாக் குளத்துக்கு யானைகள் கூட்டமாக வரும், போகிற வழியில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

இனி உங்களிடம் இருக்கும், ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களிடம் இல்லாத ஒன்று. உங்களுக்குத் தமிழ் தெரியும். நிலாவெளியில் கரைவலை இழுத்து முடித்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறவரோடு இடையில் ஆள் இல்லாமல் கதைக்கலாம். எந்த மீன் இப்போது வருவதில்லை, எந்தக் கரையைக் கடல் அரிக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். மதுரை என்றவுடன், கடலடியை வாரி இழுக்கும் தமிழ்நாட்டு இழுவைப் படகுக் கதையும் வரும், பொறுமையாகக் கேளுங்கள். இலங்கையில் இழுவைமடித் தொழிலை 2017 இல் சட்டத்தால் தடை செய்துவிட்டார்கள், தமிழ்நாட்டுப் படகுகள் மேல் இங்கே உள்ள கோபத்துக்கு நியாயம் உண்டு. மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலை பற்றிக் கேட்டால் மட்டும் பக்கம் எடுக்கவேண்டாம், ஊருக்குள்ளேயே அதில் இரண்டு கட்சி.

கொழும்பு அமைப்புகள் பலவற்றின் கைநூல், சுவரொட்டி, பாடசாலைக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கும். தமிழ் ஒன்றில் இருக்காது, இருந்தால் வாசிக்க ஏலாத மொழிபெயர்ப்பாக இருக்கும். அதை ஒழுங்காகத் தமிழில் எழுதிக் கொடுப்பது மதுரைக்குத் திரும்பிப் போயும் செய்யக்கூடிய வேலை. நான்கு நாளில் மணலில் பொறுக்குவதைவிட இதன் பலன் கூட என்பது என் எண்ணம். ஒரு நிபந்தனை, எழுதினதை இங்கே உள்ள ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். நீங்கள் பாட்டில் என்று எழுதினால் இங்கே பிள்ளைகள் போத்தல் என்பார்கள்.

காசு விஷயம். இலவசமாக வேலை செய்ய ஏன் காசு கட்டவேண்டும் என்று சிலர் கோபப்படுகிறார்கள், நான் அப்படிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வழிகாட்ட ஓர் ஆள் தன் நாளைச் செலவழிக்கிறார், படகுக்கு எண்ணெய் அடிக்கவேண்டும், மத்தியானச் சாப்பாடு யாரோ சமைக்கிறார்கள். அதற்குக் கொடுங்கள். ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நேர்மையான இடம் ஒரு நாளில் பதில் சொல்லிவிடும். நவம்பரில், மழையில், பயணிகள் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி நிறுவனங்கள் விழுந்துவிடும்.

உடம்புக்கு: ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டு எத்தனை வருடம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். சேற்றில் இறங்கும் நாளில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் கரையிலேயே நில்லுங்கள், எலிக்காய்ச்சல் இங்கே உண்டு. வீடு திரும்பின பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கினதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நுளம்புக்கு (கொசுவுக்கு) மருந்து பூசுங்கள். பயணக் காப்புறுதி எடுத்தால் தொண்டு வேலையும் கடலில் இறங்குவதும் அதற்குள் வருமா என்று வாசியுங்கள், பலவற்றில் வராது. அவசரத்துக்கு 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

எழுதவேண்டிய இடங்கள்: தங்கப்போகும் கெஸ்ட் ஹவுஸ் முதலில். வெளிநாட்டுக்காரர் நடத்தும் பெரிய விடுதியைவிட ஊர்க்காரரின் சின்ன இடத்துக்கு ஆட்களைத் தெரிந்திருக்கும். அடுத்தது கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம், அங்கே உங்கள் வயது மாணவர்களே இருப்பார்கள். மூன்றாவது, நீங்கள் வேலை செய்ய நினைக்கும் கரையின் கடற்றொழிலாளர் சங்கம். கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் தலைவர் யார் என்று சொல்வார். மூதூர், கிண்ணியாப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தை விட்டுவிடுங்கள், அது ஜும்மாத் தொழுகை நேரம். கிராமக் கரைகளில் உடுப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம், பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் தாய் தகப்பனைக் கேட்டுவிட்டு.

கடிதத்தைச் சின்னதாக எழுதுங்கள். "அன்புள்ள ஐயா, நாங்கள் மதுரையில் இருந்து நான்கு பெண்கள், இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை உப்புவெளியில் தங்குகிறோம். இரண்டு பேருக்கு நீந்தத் தெரியும், ஒருவர் தாவரவியல் படித்தவர். காலை ஆறில் இருந்து ஒன்பது வரை எந்த வேலைக்கும் வருவோம். அந்த நாட்களில் நீங்கள் ஏற்கனவே செய்வதாக இருக்கும் வேலை எது, அதற்கு நாங்கள் என்ன கொண்டுவரலாம்?" அவ்வளவு போதும். உங்கள் திட்டத்தை எழுதாதீர்கள், அவர்களின் திட்டத்தைக் கேளுங்கள். தடித்த கையுறை, அரிதட்டு, தொங்கு தராசு என்று பதில் வந்தால் சரியான இடத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டீ சேர்ட், என்ன அளவு என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆகஸ்ட் நடுப்பகுதி என்றால் ஜூன் முடிவதற்குள் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் தொலைபேசியில் எடுங்கள். இங்கே மின்னஞ்சலைவிட வாட்ஸ்அப் குரல்பதிவுக்குத்தான் கெதியாகப் பதில் வரும். கொழும்புக் கோட்டையில் இருந்து வரும் ரயிலுக்கு இருக்கைப் பதிவு 30 நாளுக்கு முன்தான் திறக்கும். திறந்த அன்றே எடுத்துவிடுங்கள், ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையோடு மோதினால் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.